பயத்துக்கு மார்க்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. 1978-இல், செங்கல்பட்டில் எங்கள் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் ரெபேக்காள் மதியச் சாப்பாட்டின்போது புலம்பியது. தயிர்சாதத்தோடு சேர்த்துத் திருடிக்கொண்டேன்.

முந்தைய வருஷப் புயலில் அடிபட்ட மாணவர்களின் மனக்கலக்கத்தை அவர் அளந்துகொண்டிருந்தார். தூக்கம் கெடுகிறதா, கெட்ட கனவு வருகிறதா, கடலைக் கண்டால் பயமா என்று கேள்விகள். மார்க் கூடினால் விடுதியில் இடம். (பயத்துக்கு மார்க் போடும் தேர்வு! நான் எழுதியிருந்தால் முதல் வகுப்பு.)

2

தொடக்கம் ஒன்று: ‘மாமல்லபுரத்துக் கடற்கரையில் அலைகள் ஓயாமல்...’

வேண்டாம். அலை எப்போது ஓய்ந்தது?

தொடக்கம் இரண்டு: மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் மாயவன் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றான். முட்டை. புயலில் கட்டுமரம் கவிழ்ந்து, கண்ணெதிரே அண்ணனைப் பறிகொடுத்தவன். இன்றும் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டுத்தான் வகுப்புக்கு வருகிறான். மணி அடித்தாலே வேர்த்துப்போகிறான். விடுதி கிடைத்தால் வாரநாட்களிலாவது தப்பிக்கலாம். ஆனாலும் ‘இல்லை’.

* குப்பத்து வழக்கம்: கடலுக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொன்னவனை யாரும் கட்டுமரத்தில் ஏற்றமாட்டார்கள். நடுக்கடலில் ஒருவன் மிரண்டால் எல்லோர் உயிரும் போய்விடுமாம். மாயவன் சொல்லிவிட்டால் விடுமுறையில்கூட அவன் பங்கு மீன் அம்மா சொர்ணத்தின் கூடைக்கு வராது.

3

மாயவன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இவ்வளவு அழுத்தக்காரனை வைத்துக்கொண்டு எப்படி...

ஆகவே அவன் மாமன் மகன் ஜம்புலிங்கத்தைக் கூப்பிடுகிறேன். அதே வகுப்பு. புயலன்று காய்ச்சலில் வீட்டோடு கிடந்தவன். மாயவனின் அண்ணன் இருந்த இடத்தில் இப்போது கட்டுமரம் ஏறுகிறவன்.

“மாயவன் சரியா தூங்குறானாப்பா?” என்று அவனைக் கேட்டார் ரெபேக்காள்.

பக்கத்தில் மாயவன் தரையைப் பார்த்தான்.

முடிவு அ: ‘தூங்குறான்’ என்கிறான். விடுதி போச்சு.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். கட்டுமரம் போச்சு.

இரண்டையும் அடித்துவிட்டேன். ஜம்புலிங்கம் என்னைக் கேட்காமலே பேசினான்.

“அவனுக்கு இன்னா மேடம், நல்லாத்தான் கீறான். பயம்லாம் எனக்குத்தான். கண்ண மூடுனா அலை வந்துகினே கீது. தனியா படுக்க முடியல. ஒரு ரூமு குடுங்க, தொணைக்கு இவனையும் போடுங்க.”

அறை கிடைத்தது, கட்டில் இரண்டு.

4

சனிக்கிழமை வராமலிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் செய்தி பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போய்விட்டது. கரையில் கட்டுமரத்துச் சொந்தக்காரர் மாரி துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

“ஜம்பு, நீ ஏறாத. பயந்தவன் நம்ம மரத்துல ஆவாது. மாயவா, நீ வாடா.”

“நீ போ மச்சான்” என்று ஜம்புலிங்கம் மணலில் உட்கார்ந்துகொண்டான்.

[இங்கே மாயவன் அழ வேண்டுமா? அவன் அழவில்லை.]

ஒரு காலை மரத்தில் வைத்தவன் அப்படியே நின்றான்.

“மாமா...” என்றான் மாரியிடம்.

மிச்சத்தை நான் எழுதமாட்டேன். அவன் வாயில் நீங்களே ஒரு சொல் போடுங்கள். போடுவதற்குமுன் ஒன்று: சொர்ணம் காலிக் கூடையோடு அங்கேதான் நிற்கிறாள், காதில் விழும் தூரத்தில்.