இன்றைக்கு எந்த ஊர்

மகள் நெரெய்தா இடது கன்னத்தை மழித்து முடித்து, முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பும்போது எவாரிஸ்தோ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"இன்னும் நேரமிருக்குப்பா. ஆடாம இருங்க, வெட்டிரும்."

"இன்னிக்கு எந்த ஊரு?"

நெரெய்தா யோசித்தாள். நேற்று மரகைபோ என்று சொல்லிவிட்டாள். அது தப்பாகப் போய்விட்டது. மரகைபோவில் அந்த சீசன் முழுக்க அவருடைய மட்டையில் பந்தே சரியாகப் படவில்லையாம். முகம் வாடிப்போய் மதியக் கஞ்சியைத் தள்ளிவிட்டார்.

"மோன்க்ளோவாப்பா," என்றாள்.

அவர் முகம் விரிந்தது. "அப்பிடிச் சொல்லு. காய்ஞ்ச காத்து. தொட்டாலே பறக்கும்." போர்வையின் மேல் இரண்டு கைகளும் நகர்ந்து வந்து ஒன்று சேர்ந்தன. இடது கை மேலே, வலது கை கீழே. இல்லாத மட்டையை அவை இறுக்கவில்லை. ஈரத்துணியைப் பிடிப்பதுபோல லேசாகப் பிடித்திருந்தன.

கதவருகே தம்ளரோடு நின்றிருந்தாள் டிக்னா, அவர் மனைவி.

"மோன்க்ளோவாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எவாரிஸ்தோ, நீ வீட்டுல இருக்க. பராஹோனால. நம்ம கட்டில்ல."

அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவைப் பார்ப்பதுபோல அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கக்கா. காலங்காத்தால சத்தம் போட்டுட்டமா?"

டிக்னா தம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். வைத்த வேகத்தில் பால் சிந்தியது.

சமையலறையில் அம்மா வாழைக்காயைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நெரெய்தா சவரக் கிண்ணத்தைக் கழுவ வந்தபோது அவள் திரும்பவில்லை.

"ஏன்டி அவன்கிட்டப் பொய் சொல்ற?"

"சந்தோஷமா இருக்காரும்மா. நீ வீடுன்னு சொன்னா பயந்துபோறார். எழுந்திரிக்கணும்கறார்."

"டாக்டர் சொன்னதக் கேட்டல்ல? இன்னிக்கோ நாளைக்கோ. சாகப்போற நேரத்துலயாவது இவன் வீட்டுல இருக்கட்டும்டி. ஆயுசு பூரா ஊர்மேல போனான். போற போதும் ஏதோ ஒரு மோன்க்ளோவாலேருந்துதான் போகணுமா?" கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த ஊருங்க எதுலயும் நான் இல்ல. ஒண்ணுல கூட இல்ல."

நெரெய்தா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

எவாரிஸ்தோ பேஸ்பாலில் அடிப்பதற்கென்றே பிறந்தவர் என்று பராஹோனாவில் சொல்வார்கள். ஓடத் தெரியாது, பிடிப்பதும் சுமார்தான். ஆனால் அடிப்பார். மீசை முளைக்கும் முன்பே வடக்கே அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய லீக்கில் ஒரு கோடையின் பாதி, அதுவும் பெரும்பாலும் பெஞ்சில். அதன்பின் எங்கே ஒரு நல்ல மட்டை தேவையோ அங்கே போனார். எர்மோசியோ, மோன்க்ளோவா, மரகைபோ, ஜப்பானில் செண்டாய், கடைசியில் முழங்கால் தேய்ந்த பிறகு இத்தாலியின் ரிமினி. ஒரு சீசனில் மூன்று அணிகள் மாறியதும் உண்டு. எப்போதும் பயணப் பெட்டியும் கையுமாக அலைந்ததால் மெக்சிகோக்காரர்கள் அவருக்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். பெட்டி களத்துக்கு வந்தால் கூட்டம் எழுந்து நிற்கும்.

குளிர்காலத்தில் சொந்த நாட்டுத் தலைநகர அணிக்கு ஆடினார். இடையில் கிடைக்கும் சில வாரங்கள்தான் வீடு. அந்த வாரங்களில் தெருவே மாறிவிடும். வாசலில் டொமினோ ஆட மேசை போடுவார்கள். அப்பாவின் சிரிப்பு சர்க்கரை ஆலை வரைக்கும் கேட்கும். நெரெய்தாவுக்கு செண்டாயிலிருந்து கையும் காலும் இல்லாத ஒரு மரப் பொம்மை வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உலகப்படத்தை விரித்து யாருக்காவது ஏதாவது ஊர் தெரியுமா என்று கேட்டால் அவள்தான் முதலில் எழுந்து போவாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் நியூயார்க்கைக் காட்டுவார்கள். அவள் விரல் நுனியில் கடலோரம் செண்டாயைக் காட்டுவாள். அங்கே அப்பா இப்போது தூங்கிக்கொண்டிருப்பார் என்று சொல்வாள். எல்லோருக்கும் பொறாமை. அப்பா வீட்டில் இல்லாததை ஒரு பெருமையாக வைத்துக்கொண்டு அவள் வளர்ந்தாள். அம்மா அதை என்னவாக வைத்துக்கொண்டாள் என்று அவள் கேட்டதில்லை.

மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. நெரெய்தா பாதிரியாரை அழைக்கப் போனாள். அவர் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தார், மாலைக்குள் வந்துவிடுவார் என்றார்கள். வெயிலில் வேகமாக நடந்து திரும்பியவள், அறையில் பேச்சுக் குரல் கேட்டு வெளியிலேயே நின்றாள்.

"காபி கொஞ்சம் கிடைக்குமாக்கா?" அப்பாவின் குரல், நூல்போல.

அம்மா வழக்கம்போல வெடிக்கப்போகிறாள் என்று நெரெய்தா காத்திருந்தாள். கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"உதட்ட நனைச்சுக்க. சூடா இருக்கு."

"நல்லாருக்கு. எங்க ஊர்க் காபி மாதிரியே இருக்கு."

"எந்த ஊரு தம்பி நீ?"

நெரெய்தா கதவோரம் நெருங்கினாள். அம்மா அவரைத் 'தம்பி' என்கிறாள்.

"பராஹோனா. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

"பொண்டாட்டி இருக்காளா அங்க?"

"இருக்கா. டிக்னான்னு பேரு."

"எப்பிடி, நல்ல மாதிரியா?"

மூச்சு இழுத்து நின்றது. நெரெய்தா எட்டிப் பார்த்தாள். அம்மா கட்டிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது.

"கோவக்காரி," என்றார் எவாரிஸ்தோ. "போன் பண்ணினா பேச மாட்டா. வைக்கவும் மாட்டா. நானும் வைக்க மாட்டேன். பூத்துல எனக்குப் பின்னால நிக்கறவன் கத்துவான். அந்தப் பக்கம் அவ பாத்திரம் தேய்க்கற சத்தம் கேக்கும். புள்ள அழுவும். ஆலைச் சங்கு ஊதும். அது போதும்க்கா. அன்னிக்கு எவன் வீசினாலும் அடிச்சுருவேன்."

நெரெய்தாவுக்கு அந்தப் போனின் இந்தப் பக்கம் தெரியும். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கும் அம்மா. யார் போனில் என்று கேட்டால், "யாருமில்ல, போய்ப் படி," என்பாள்.

"இத அவகிட்டச் சொல்லியிருக்கியா?" அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"எத?"

"இப்ப சொன்னியே, அத."

"வீட்டுக்குப் போனா ஆளுங்க இருப்பாங்க. டொமினோ. அப்புறம் பஸ் வந்துரும்." அம்மா அவர் வாயோரத்தைத் துடைத்தாள். "சீசன் முடியட்டும். போய்ச் சொல்றேன். ஒரு போன் பண்ணணும்க்கா. வர்றேன்னு அவகிட்ட சொல்லணும்."

"நான் பண்ணிச் சொல்லிடறேன் தம்பி. நீ தூங்கு."

"எடுத்தா பேச மாட்டா. வச்சுராதீங்க."

"வைக்க மாட்டேன்," என்றாள் டிக்னா.

பாதிரியார் வந்து சேர்ந்தபோது நெரெய்தா வாசலில் நின்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

உடல் வீட்டுக் கூடத்தில் கிடத்தப்பட்டது. தெருவை மறித்துத் தார்ப்பாய் கட்டி நாற்காலிகள் போட்டார்கள். இஞ்சித் தேநீரும் பிஸ்கோத்தும் சுற்றி வந்தன. எந்த அணியின் சட்டையை அணிவிப்பது என்று நகராட்சியிலிருந்து வந்தவர்கள் வெளியே வாதாடிக்கொண்டிருக்கும்போதே, டிக்னா ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

காலையில் அசுவாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு நெட்டையான கிழவர் வந்தார். பந்து வீசுபவராக இருந்தவர், பெயர் ப்ளினியோ. சவப்பெட்டியருகே ரொம்ப நேரம் நின்றார். பிறகு டிக்னாவின் முன்னே வந்து, தொங்கிப்போன வலது தோளோடு குனிந்தார்.

"மோன்க்ளோவால நானும் உங்க வீட்டுக்காரரும் ஒரே ரூம்ல இருந்தோம்மா. ராத்திரில தூக்கத்துலகூட மட்டைய வீசுவான். ஒரு தடவை அவன் கை என் மூக்கு மேலயே விழுந்துச்சு."

டிக்னா தலை நிமிர்ந்தாள். "அங்க ரூம் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா ஒருத்தி இருந்தாளா?"

"சோலே அம்மாவா? இருந்தாங்களே."

"பாக்க எப்பிடி இருப்பா?"

ப்ளினியோ குழம்பிப்போய் நெரெய்தாவைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று அவள் கண்ணைக் காட்டினாள்.

"எண்பது வயசிருக்கும்மா. வாயில ஒரு பல்லு கிடையாது. மீசை இருக்கும், என்னுது மாதிரி. காலைலேருந்து எல்லாரையும் திட்டிட்டே இருப்பாங்க. எவாரிஸ்தோவுக்கு மட்டும் காபி தனியாப் போட்டுத் தருவாங்க. ஏன் கேக்கறீங்க?"

"மீசையா?"

"தூரத்துலேருந்தே தெரியும்மா."

டிக்னாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்துப் பெண்கள் கை நீட்டினார்கள். ஆனால் அது சிரிப்பு. வாயைக் கைக்குட்டையால் அடைத்தும் நிற்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வரியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைப் பாத்துத்தான்டி நெரே," என்று மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள், "ரெண்டு மாசமா என்னைத்தான் இந்தப் பாவி அவள்னு நெனச்சிருக்கான்!" கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "மீசைக்காரிய!"

ப்ளினியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவரும் சிரித்தார். வெளியே தார்ப்பாயின் கீழ் இருந்தவர்களுக்கு அது தொற்றி, எவாரிஸ்தோவைப் பற்றித் தெரிந்த கதைகளையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். அடக்கத்துக்கு உடல் கிளம்பும்வரை கதை ஓயவில்லை.

மறுநாள் மாலை, இறந்தவருக்கான ஒன்பது நாள் ஜெபத்தில் முதல் நாள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நெரெய்தா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே சிலோவின் மளிகைக்கடையில் ஏழெட்டு ஆண்கள் கல்லாமேடையைச் சுற்றிக் குனிந்து, தலையோடு தலை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி அங்க, என்னத்தையோ தொலைச்ச மாதிரி?"

"ஆட்டம்மா. அரையிறுதி. ரேடியோவ சத்தமில்லாம வெச்சுக் கேக்கறாங்க. நமக்காக."

டிக்னா சற்று நேரம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அவள் உட்கார்ந்து கேட்டதில்லை. எவாரிஸ்தோ ஆடிய ஆட்டங்களையும்.

"ஏ சிலோ!"

கடைக்குள் தலைகள் நிமிர்ந்தன. சிலோ பதறிப்போய் ரேடியோவை அணைக்கக் கை நீட்டினான்.

"அணைக்காதடா. கூட்டி வை."

தெருவெங்கும் வர்ணனையாளரின் குரல் பரவியது. பின்னால் மைதானத்துக் கூட்டம் கடல்போல இரைந்தது. டிக்னா நாற்காலியை வாசலின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"யாருடி அடிக்கறது இப்ப?"

"யாரோ புதுப் பையன்மா. இடது கை."

"ம்."

வீசுபவன் தயாராகிறான் என்று வர்ணனையாளர் சொன்னார். டிக்னா ஜெபமாலையை உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, காதை அந்தப் பக்கம் சாய்த்தாள்.