லென்ஸ் தனியாக வராது

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் தங்கைக்கு உட்கார சீட்டே கிடைத்தது. கிடைத்த விதம்தான் வேடிக்கை. போனில் அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“பழைய பாடிக்கு என்னண்ணா கொறச்சல்? இத்தனை வருஷமாகியும் கெடாம அப்படியேதானே இருக்கு! நேத்துகூடத் துடைச்சு அலமாரியில வச்சேன்.”

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று எழுந்து முன்பக்கம் போய்விட்டார். பின்சீட்டு அம்மாள் மெல்லக் குனிந்து, “யாரும்மா போனது?” என்றாள்.

“யாரும் போகலைங்கம்மா. கேமராவோட பாடி. புதுசா ஒண்ணு வாங்கணும்னு எங்கண்ணன் என் உயிரை வாங்குறான்.”

காலி சீட்டில் உட்கார்ந்து சண்டையைத் தொடர்ந்தாள்.

ஸ்டுடியோவில் இருவருக்கும் சரிபாதி உழைப்பு. கல்யாணமோ பிறந்தநாளோ, முக்கால்வாசிப் படம் அவள் எடுத்தது. ஆனால் வாசல் போர்டில் அண்ணன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. “என் பேரையும் போடேன்” என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில்: “நீயும் நானும் வேறயா?” அடடா, என்ன பாசம்!

இப்போது அதே பாசம் அவள் சேமிப்பின் மேல் பாய்ந்திருந்தது. இருவர் பணத்தையும் போட்டுப் புது பாடி வாங்க வேண்டுமாம்.

“கழுத்துல தொங்குறதைப் பார்த்துத்தான் ஜனங்க மதிக்கிறாங்க. கறுப்பா, கனமா இருக்கணும்.”

“ஜனங்க சுவத்துல மாட்டப்போறது படத்தையா, உன் கழுத்தையா? மங்கலான வெளிச்சத்துல நம்ம லென்ஸ் தடுமாறுது. லென்ஸை மாத்து, பழைய பாடியே போதும்.”

“பணத்தைக் குடு. நீயும் நானும் வேறயா?”

அவளுக்குச் சுருக்கென்றது. பேர் போட ஆகாத தங்கை, பணம் போட மட்டும் ஆவாளா? அன்றே போய்த் தன் பணத்தில் லென்ஸ் வாங்கினாள். இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளும் லென்ஸ். அண்ணன் வீம்புக்குத் தவணையில் புது பாடி வாங்கினான். லென்ஸுக்குப் பணம் மிச்சமில்லாததால், பழைய லென்ஸையே அதில் மாட்டினான்.

பள்ளிக்கூட நாடகம் வந்தது. இரண்டு நாள் வேலை. “அந்தப் பழைய டப்பா கேமராவைத் தூக்கிட்டு வந்து மானத்தை வாங்காதே” என்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகப் போனான். அங்கே மேடையில் மங்கலான விளக்கு. குழந்தைகள் மிரளுவார்கள் என்று பிளாஷ் போட விடவில்லை. ராஜா வேஷம் போட்ட பையன் படத்தில் கோடாக இழுபட்டுப் போனான். ராணிக்கு மூக்கு எது, வாய் எது என்றே தெரியவில்லை.

“நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்று சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை.

மறுநாள் மதியம் அண்ணன் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

“அந்த லென்ஸைக் கொஞ்சம் குடேன்.”

“அது தனியா வராதுண்ணா. நானும் கூட வருவேன்.”

“சரி, வா.”

“போர்டுல என் பேரும் வரும்.”

“இப்பவா? சாயங்காலம் நாடகம்!”

“அப்போ பெயின்டரைச் சீக்கிரம் கூப்பிடு.”

அண்ணன் ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. “ஏணி நம்ம வீட்டுலயே இருக்குன்னு பெயின்டர்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

பெயின்டர் வந்து ஏணியில் ஏறினார். “சின்ன எழுத்தாப் போட்டுடலாமா?”

“ஆமா, ஓரமா...” என்று அண்ணன் ஆரம்பித்தான்.

“அவன் பேரு எவ்வளவு பெரிசோ, அவ்வளவு பெரிசு” என்றாள் தங்கை. இத்தனை வருஷம் இந்தப் போர்டின் கீழேயே குனிந்து போய் வந்தோமே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை தெருவிலேயே நின்றாள்.

பிறகு கையை நீட்டினாள். “இப்போ குடு உன் பாடியை.”

லென்ஸ் க்ளிக்கென்று பொருந்தியது. கேமராவை அவனிடம் திருப்பித் தரவில்லை. தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“அப்போ நான் என்ன செய்ய?” என்றான் அண்ணன்.

“நீ பையைத் தூக்கிட்டு வா” என்று முன்னால் நடந்தாள். “நீயும் நானும் வேறயா?”