விடுதிக்காரம்மா போட்ட சதுரம்

விடுதிக்காரம்மா தவறுதலாக வரைந்த ஏரியில் முதன்முதலில் குளித்தவர் ஒரு பல் மருத்துவர். தண்ணீர் சில்லென்று இருந்தது, துண்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் அவருடைய குறை. அன்று காலைவரை அங்கே ஏரி கிடையாது. திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஒயின் கூடத்துக்குப் போகும் பாதையை அவருக்கு வரைந்து கொடுக்கும்போது பேனா கசிந்து, நீல மை கட்டைவிரல் அகலத்துக்குப் பரவிவிட்டது, அவ்வளவுதான். மத்தியானம் ஊரே போய்ப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் வாத்துகளும் வந்துவிட்டன.

ஐந்தே அறை உள்ள விடுதி அது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். ஆனாலும் மலை பார்க்க வருகிறவர்கள் தேடிப் பிடித்து அங்கேதான் தங்கினார்கள். காரணம், காலையில் ரொட்டியும் முட்டையும் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் விடுதிக்காரம்மா வைக்கும் உள்ளங்கையளவு வரைபடம். அடியில் ஒரு சின்னச் சதுரம், அது விடுதி. அங்கிருந்து ஒரு கோடு கிளம்பித் தோட்டம், பாலம், அருவி என்று மேலே ஏறும். வேடிக்கை என்னவென்றால், அவர் வரைந்த ஓர் இடத்தையும் அவர் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷமும் படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, அடுத்த ஆளுக்குச் சாவி கொடுப்பதற்குள் பொழுது போய்விட்டது. சுற்றிவிட்டு வந்தவர்கள் சொல்லக் கேட்டே மலையை மனப்பாடம் செய்திருந்தார். அவர்கள் வழியில் இரண்டு கிளாஸ் ஒயினை உள்ளே தள்ளிவிட்டுச் சொல்வதால் வரைபடத்தில் அருவி வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தது. மலையில் இருந்த அருவியும் அதற்கேற்ப வளர்ந்துகொண்டது.

ஏரி வந்த பிறகு ஊர்க்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். தோட்டக்காரர் ஒருவர் தன் சரிவைச் சூரியன் பக்கம் கொஞ்சம் திருப்பித் தரக் கேட்டார். அழித்து வரைந்ததில் திராட்சை பத்து நாள் முன்னதாகப் பழுத்தது. முழங்கால் வலிக்காரர் ஒருவருக்காகப் பாதையில் ஒரு வளைவு நிமிர்ந்தது. ஊருக்கெல்லாம் வரைந்த விடுதிக்காரம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை: மலை உச்சியில் நின்று ஒரு தரம் கீழே பார்க்க வேண்டும். அடுப்படியைக் கவனித்த கணவரோ, கூட்டம் குறையட்டும், போகலாம் என்பார். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஏரியால் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. அந்த வருஷம் விடுதிக்காரம்மா கேட்பதையே விட்டுவிட்டார். விரிப்பு மடிக்கும்போது அழுகை அழுகையாக வந்தது.

அறுவடை வாரத்தில் பல் மருத்துவர் தன் சித்தியோடு மறுபடி வந்தார். முந்தின நாள் உச்சிக்குப் போய்வந்த சித்தி, காலைச் சாப்பாட்டின்போது அந்தக் காட்சியை விட்ட இடத்திலிருந்து தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். விடுதிக்காரம்மா வரைந்தபடியே கேட்டார். மனசு உச்சியில் இருந்தது, கையும் தாளில் உச்சிக்கே போய் விடுதியின் சதுரத்தைப் போட்டுவிட்டது. காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஜன்னலில் மட்டும் எதிர்வீட்டுச் சுவரைக் காணோம். ஒரு மேகம் உள்ளே வந்து, சர்க்கரை ஜாடியை நனைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனது.

"என்னங்க, கொஞ்சம் வெளியே வாங்களேன்."

"அடுப்புல முட்டை இருக்கு."

"கருகினா கருகட்டும். வாங்க."

கரண்டியோடு வந்தவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே அவர் மனைவியின் கோடுகள் அத்தனையும் பாதைகளாகக் கிடந்தன. ஏரி கட்டைவிரல் வடிவத்திலேயே இருந்தது. விடுதிக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது ஓய்ந்ததும் பல் மருத்துவர், ஒயின் கூடத்துக்கு இனி எப்படிப் போவது என்று மெல்லக் கேட்டார். விடுதிக்காரம்மா புதுக் காகிதம் எடுத்தார். சதுரம் எங்கே விழப் போகிறதோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கணவர்தான் குனிந்து சொன்னார்:

"மேலயே போடு."

மேலேயே போட்டார். கோடு கீழ்நோக்கி இறங்கியது.

இப்போது விருந்தினர்கள் காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறார்கள். ரொட்டிக்காரர் மூச்சு வாங்குகிறது என்றதால் பாதிவழியில் அவருக்கு ஒரு நிழல்மரம் உண்டு. அதிர்ஷ்டம் அடித்தது எதிர்வீட்டுக்காரருக்கு: விடுதிச் சுவரையே பார்த்துக் கிடந்த அவர் ஜன்னலில் மலை தெரிகிறது, உச்சியில் விடுதி தெரிகிறது. பதினோரு மணிக்கு விரிப்பு உலர்த்த வரும் விடுதிக்காரம்மா, ஈரத்துணி கையிலிருக்க, உலர்த்த மறந்து நிற்பதும் தெரிகிறது.