ஒரு தடவைக்கு மீதி

என் கணவருடைய மேஜை பார்க்கத் தேக்கு, உள்ளே தேக்கு இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே தேக்கு நிறத்தில் ஒரு தாள், ஓரத்தில் அதே நிறத்தில் விரல் அகலப் பட்டை. எட்ஜ் பேண்ட் என்பார்கள். அந்தப் பட்டை ஒழுங்காக இருக்கிறவரை எல்லோரும் அதை நல்ல மரம் என்றே நம்புவார்கள். அவரையும் வெளியில் அப்படித்தான் நம்பினார்கள்.

அன்று காலை சட்டையில் ஒரு மடிப்பு சரியில்லை என்று ஆரம்பித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்களேன் என்று வாயைக் கொடுத்தேன். ஒரே தள்ளு. என் இடுப்பு மேஜை மூலையில் போய் மோதியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். எழுந்து பார்த்தால், மூலை நொறுங்கி, முன்பக்கப் பட்டை பிய்ந்து தொங்குகிறது. தரையெல்லாம் மரத்தூள்.

வலி தெரியவே இல்லை. சாயங்காலம் வந்ததும் அவர் உட்காருவது அந்த மேஜையில்தான். உட்கார்ந்ததும் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவுவார். போன மாதம் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததற்கு என் மணிக்கட்டை முறுக்கினார். இன்னும் அந்தக் கையால் வாளி தூக்க முடியவில்லை. மேஜைக்கு என்ன கிடைக்குமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இதில் முன்னவள் வேறு. அவருடைய முதல் மனைவி. இதே வீட்டில் இருந்துவிட்டு விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவள். புத்தி சரியில்லாதவள் என்பார். ஆனால் மேஜை விஷயத்தில் மட்டும் அவளுக்குத்தான் முதல் மார்க்.

"அவ இருந்தவரைக்கும் இதுல ஒரு கீறல் விழுந்ததில்ல, தெரியுமா?"

முகம்கூடத் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

பழைய பட்டை தொட்டாலே ஒடிந்தது, திரும்ப ஒட்ட வழியில்லை. ஒரு துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். முதல் கடையில் காட்டியது சிவப்படித்தது. அடுத்த கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படியே பொருந்தியது. அப்பாடா என்று வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தால் பிஸ்கட் நிறம். நிறம் சரியாக வந்தால் அகலம் போதவில்லை, அகலம் இருந்தால் மர ரேகை இல்லை. தேக்கில் இத்தனை ரகம் இருப்பது யாருக்குத் தெரியும்? எல்லாக் கடைச் சுவரிலும் பெரிய பெரிய கடிகாரமாக வேறு மாட்டித் தொலைத்திருந்தார்கள்.

கடைசிக் கடையில் ஓர் அம்மா இருந்தார். என் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மெஷின்ல ஒட்டுனது இல்லம்மா. யாரோ வீட்டுல அயர்ன் பாக்ஸ் வச்சு ஒட்டியிருக்காங்க. பசை தீஞ்சிருக்கு பாருங்க."

இந்த நிறம் இப்போது கடையில் இல்லை, சொல்லி வரவழைக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார். ஆனால் ஒரு சாண் கேட்டாலும் எந்தக் கடையிலும் முழுச் சுருளாகத்தான் தருவார்களாம். ஒட்டினவர்களிடம் மீதி கட்டாயம் இருக்கும், வீட்டில் தேடிப் பாருங்கள் என்றார்.

யார் ஒட்டியிருப்பார்கள்? என் கணவர் ஓர் ஆணி அடிக்கவே ஆள் கூப்பிடுகிறவர். எங்கள் வீட்டில் அயர்ன் பாக்ஸைத் தொடுகிறவர்கள் மனைவிமார்தான்.

பரண், அலமாரி, அரிசி டப்பா எல்லாவற்றையும் குடைந்தேன். பிறகு நின்று யோசித்தேன். நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்? துணி தேய்க்க விரிக்கும் போர்வை கண்ணில் பட்டது. நான் வருவதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் இருந்தது. அதில் அங்கங்கே பழுப்புக் கறை. கஞ்சி என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினேன். பசை. போர்வைக்குப் போட்டிருந்த உறையில் ஒரு பக்கம் மட்டும் வேறு நிற நூலில் அவசரத் தையல். பிரித்தேன்.

உள்ளே பட்டை இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே நிறம், அதே ரேகை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அயர்ன் பாக்ஸைச் சூடேற்றிவிட்டுப் பட்டையை ஓரத்தில் நீட்டி அளந்தேன். ஒரு தடவைக்குச் சரியாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. முழுச் சுருளாகத்தான் தருவார்கள். அதில் மீதி இவ்வளவுதான். குனிந்து மற்ற மூன்று பக்கங்களையும் பார்த்தேன். எல்லாம் கம்பெனிப் பட்டை, ஒரு பிசிறு இல்லை. அவள் ஒட்டியதெல்லாம் இந்த ஒரு பக்கம், இந்த ஒரு மூலை. எத்தனை தடவை மோதியிருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இன்றைக்குத் தப்பித்தால் அடுத்த சுருளை வாங்கப்போவது நான். அதை எங்கே ஒளிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

"அக்கா, நான் அங்க வந்துடறேன். திரும்பிப் போக மாட்டேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "எதையும் எடுத்து வைக்காத. இப்பவே கிளம்பு" என்றாள்.

அயர்ன் பாக்ஸை அணைத்தேன். பட்டையைப் பழையபடி போர்வைக்குள் வைக்கத்தான் கை போனது. அங்கே இருந்தால் அடுத்து வருகிறவள் தேடி எடுத்து ஒட்டிவிடுவாள். சுருட்டி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். உடைந்த மூலை அப்படியே இருக்கட்டும், வருகிறவள் பார்க்கட்டும்.

படியில் இறங்கும்போது கீழே வாசல் கதவு திறந்தது. உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், கையில் பால் பாக்கெட். எங்கே இந்நேரத்தில் என்றார். கடைக்கு என்றேன். தெருமுனை திரும்பும்வரை மூச்சு விடவில்லை. அதற்கப்புறம்தான் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.