கையெழுத்து யாருடையது?

"ஆஸ்பத்திரி அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் நீ அடுப்படியை விட்டு வெளிய வராதே. என் மகன் பேசிக்குவான்" என்று சொல்லி, மருமகளின் கையிலிருந்த செம்புக் கம்பியைப் பிடுங்கி வைத்தாள் மாமியார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியால் புதுக் காயில் சுற்றிக் கொடுப்பது மருமகளின் தொழில். பயிற்சிக்குப் போய் முறையாகக் கற்றவள். கணவன் வேன் ஓட்டியவன். வேலை போனபின் பட்டறை வாசலில் உட்காரத் தொடங்கினான். "பொம்பளை சுத்தின மோட்டாரை யாருடி நம்புவா?" என்று மாமியார் சொல்லவே, பெயர்ப் பலகையில் அவன் பெயரே ஏறியது. அப்போது அவளும் ஒத்துக்கொண்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியின் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்கும் ஒப்பந்தம் வீடு தேடி வருகிறது. வருடம் முழுக்க வேலை. கிடைத்தால் தெருவில் சும்மா இருக்கும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருமகள் அவர்களிடமே சொல்லிவைத்திருந்தாள்.

அதிகாரி கையோடு ஒரு கருகிய மோட்டாரைக் கொண்டுவந்தார். "இதுல என்ன கோளாறு, சொல்லுங்க பாப்போம்."

கணவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு நிமிஷம் சார்" என்று அடுப்படிக்கு ஓடிவந்தான்.

"கருகிக் கெடக்கு. என்னன்னு சொல்லட்டும்?"

"பாக்காம எப்படிங்க சொல்றது?"

மாமியார் முறைக்க முறைக்க அவள் முன்னறைக்கு வந்தாள். தண்டைத் திருகினாள், அசையவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"காயில் மேல தப்பில்லை சார். தண்டு சுத்துற பேரிங் இறுகிப்போச்சு. அதை மாத்தாம எத்தனை தடவை சுத்தினாலும் எரியத்தான் செய்யும்."

"அதான் மூணு தடவை எரிஞ்சுதா! எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் தெரியலையே. வேலை உங்களுக்குத்தாம்மா" என்ற அதிகாரி, ஒப்பந்தத் தாளை எடுத்துக் கணவனிடம் நீட்டினார்.

"செய்யப் போறது நான்தானே சார்?"

"பொம்பளை பேருன்னா மேல நூறு கேள்வி கேப்பாங்கம்மா. வெறும் பேருதானே."

"வெறும் பேருதான்னா, அது என் பேரா இருந்துட்டுப் போகட்டுமே."

அதிகாரி தாளையும் பேனாவையும் கணவன் பக்கமே நகர்த்தினார்.

"சரி, அவரே போடட்டும் சார். பம்பு நின்னா அவரையே கூப்பிட்டுக்கங்க."

அதிகாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கணவன் பேனாவைத் தொடவே இல்லை. அதிகாரி தாளை மடித்தார். "மேல கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறேன்."

"வந்த சீதேவியை விரட்டிட்டாளே மகராசி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இரண்டு பெண்களுக்கு மருமகள் என்ன பதில் சொல்வாள்?

சாயங்காலம் சைக்கிளில் ஒருவர் மோட்டார் கொண்டுவந்தார். "மோட்டார் பாக்குறவர் இருக்காரா?"

கணவன் எழுந்து நின்றான். "அவங்கதான் பாக்குறவங்க. நான் வேன்காரன்."

வந்தவர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "இன்னொரு நாள் வர்றேன்" என்று அவிழ்த்த கயிற்றைத் திரும்பவும் கட்டினார்.

அவள் தடுக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் உட்கார்ந்து அடுத்த காயிலைச் சுற்ற ஆரம்பித்தாள்.