துடைப்பத்தாரின் மேல்மேடு

மாடு வளர்ப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேய்ச்சல் நிலத்தில் ஒரு முள் தலைகாட்டினால் போதும், அரிவாளோடு வந்து நிற்பார். அக்கம்பக்கத்தார் ‘துடைப்பம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் மனைவி மேய்ச்சல் நிலத்தின் மேல்மேட்டைக் கேட்டாள். முன்பு அங்கே காடு இருந்ததாம். மாடுகளை விலக்கி அதைத் திரும்பக் கொண்டுவரப்போகிறாளாம்.

“வேலி போட்டுத் தர்றேன். அடுத்த மழை முடியறதுக்குள்ள ஒரு மரமாவது தேறலைன்னா வேலியைப் பிடுங்கிடுவேன். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது.”

“நீங்க பேச்சு மாறாம இருந்தா சரி.”

அவள் நட்ட கன்றுகள் வெயிலில் ஒவ்வொன்றாகக் கருகின. பந்தயம் வேறு, பெண்டாட்டி வேறு என்று நினைப்பவர் துடைப்பத்தார். கன்றுகளை முள் நெருக்கக் கூடாதென்று தினமும் காலையில் மேலே ஏறி, மேட்டையே வழித்துவிட்டு வருவார். அப்படியும் ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது; மேட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அவருக்கே பாவமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் கொட்டகையில் வழுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் பிசகியது. மழை ஓயும்வரை கட்டிலே கதி.

கால் சரியானதும் குறடும் அரிவாளுமாக வேலியைப் பிரிக்கப் போனார். மேடு முழுக்க இடுப்பளவு முள். பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. முதல் புதரில் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே நிழலும் ஈரமுமான மண்ணில், முழங்கால் உயரத்துக்கு மூன்று தளிர்கள். அவள் நட்டவை அல்ல. புதைந்து கிடந்த பழைய வேரிலிருந்து கிளம்பியவை. அந்த இலை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக முள்ளோடு சேர்த்துச் சீவித் தள்ளிய இலைதான். அடுத்த புதரிலும் அதே இலை.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது வெட்டினாலும் ஈ காக்கைக்குத் தெரியாது, பந்தயமும் அவருடையதுதான். ஒரு புதரையும் தொடாமல் இறங்கினார்.

கீழே அவள் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “கம்பியைப் பிரிச்சாச்சா?”

அவர் அரிவாளை நீட்டினார். “இதை எங்கயாவது ஒளிச்சு வை. நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காத.”

“ஏன், என்னாச்சு?”

“உன் காட்டைத் தினமும் வெட்டினது நான்தான். முள்ளுக்குள்ள போய்ப் பாரு.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக்கூடக் கழுவாமல் மேட்டை நோக்கி ஓடினாள்.

“மெதுவாப் போ, முள்ளு குத்தும்” என்று கத்தினார்.

“குத்தட்டும்” என்றாள், திரும்பாமலே.