இஞ்சினியர் வீட்டுக் குல்குல்

"பாலித் தீவில வயல் விதைக்கிறவைக்கு நான் ஏனப்பா என்ர விறாந்தையைக் குடுக்க வேணும்?"

மங்களேஸ்வரியின் குரல் ஒழுங்கையின் மேல் முனை வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினாள்.

"மெல்லக் கதையும். இது விறாந்தையில்லை, நூதனசாலை," என்றார் கணவர் விவேகானந்தன்.

"நூதனசாலை! ஆறு மாசத்தில வந்தது மூண்டு பேர். அதில ஒருத்தன் மீற்றர் பார்க்க வந்தவன்."

"அவனும் பத்து நிமிஷம் நிண்டு பார்த்தவன்."

"நாய் கட்டியிருக்கோ எண்டு பார்த்தவன்! நாளைக்கு லண்டன் மாப்பிள்ளையின்ர தாய் வாறா. அவவை எங்க இருத்துறது? உந்த வரம்பிலயோ?"

விவேகானந்தன் நீர்ப்பாசன இலாகாவில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்த காலத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குப் பாலித் தீவுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வெளிநாடு போனால் மனைவிக்குச் சேலையோ ரேடியோவோ கொண்டு வருவார்கள். இவர் கொண்டு வந்தது ஒரு மரக்கட்டை. ஓய்வு பெற்ற மறுவாரமே ஆறு பேர் இருந்து சாப்பிடும் மேசையை விறாந்தைக்கு இழுத்து, அதில் சீமெந்தால் படிப்படியாக வயல் கட்டி, ரப்பர் குழாயால் குழாய்த் தண்ணீரை மேல் வயலுக்கு விட்டார். அது ஒவ்வொரு வயலாக இறங்கிக் கடைசியில் மங்களேஸ்வரியின் தரையில் சொட்டியது. விறாந்தையிலிருந்து படுக்கையறை வரை சிங்களக் கிராமங்களில் வாங்கிய கலப்பைகளும் நுகத்தடிகளும். வீட்டார் குசினியில் மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டார்கள்.

பாலிக் கட்டை யன்னலோரம் தொங்கியது. உள்ளே குடைந்து, நடுவில் நீளமாகப் பிளந்த கட்டை. பெயர் குல்குல். அங்கே தண்ணீர்ச் சங்கத்தில் சேர்ந்து வயல் உழும் கமக்காரரை இதை அடித்துத்தான் கூப்பிடுவார்களாம்.

அது எண்பத்து நான்காம் ஆண்டு. போன வருஷத்து ஆடிக் கலவரத்தில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது, அம்பிட்டியவில் இந்த ஒழுங்கை தப்பியது அடுத்த வீட்டு முஸ்லிம் மனுசன் லாபிர் அதன் முனையை மறித்து நின்றபடியால்தான். அதன் பிறகு ஒழுங்கையின் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் கதவடியில் ஒரு பை இருந்தது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, நகை. ஏதும் சத்தம் கேட்டால் பையோடு லாபிர் வீட்டு மேல்மாடிக்கு ஓட வேண்டும் என்பது பேச்சு.

மங்களேஸ்வரிக்கு அந்தப் பை போதவில்லை. அடுத்த கலவரத்துக்கு முன் மகள் சுகிர்தா லண்டனில் இருக்க வேண்டும். வங்கியில் தட்டெழுத்து வேலை பார்க்கும் சுகிர்தாவுக்கு இருபத்தாறு வயது. பொருந்தியது இந்த லண்டன் மாப்பிள்ளையின் சாதகம் ஒன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் அன்னலட்சுமி வந்து இரண்டு கலப்பைகளுக்கு நடுவில் கதிரையில் இருந்தார். உடுத்த இடமில்லாததால் சுகிர்தாவை லாபிரின் மனைவி பாயிஸாவிடம் அனுப்பியிருந்தார்கள். பெண் வரும்வரை தேநீர் வந்தது. அன்னலட்சுமி சொட்டும் தண்ணீருக்குக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேச்சுக்கு எதுவும் இல்லாமல் கேட்டுத் தொலைத்தார்.

"உது என்ன, உரலோ?"

ஆறு மாதத்தில் தானாக ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். விவேகானந்தனின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும் மங்களேஸ்வரி பிஸ்கற் தட்டை இடையில் நீட்டினாள்.

"மெல்ல அடிச்சால் கூட்டம். கெதியா அடிச்சால் ஆபத்து, எல்லாரும் ஓடி வர வேணும். இஞ்ச பாருங்கோ..."

"அடியாதேங்கோ!"

அடித்தார். நல்ல மரம். மலைச்சரிவில் அந்தச் சத்தம் எங்கெல்லாமோ போய் மோதியது. ஒழுங்கையில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நாய்கள் குரைத்தன. "வந்துட்டானுங்க!" என்று யாரோ அலறினார்கள். ஓடுகிற கால்கள்.

விவேகானந்தன் தடியைக் கீழே போட்டார். "மங்களம், வெளியில ஏதோ பிரச்சினை."

பீதியை மூட்டியது யார் என்று யோசிக்க அவளுக்கும் அவகாசமில்லை. ஒரு கையில் பையும் மறு கையில் அன்னலட்சுமியுமாக ஓடினாள்.

லாபிரின் மேல்மாடி நிரம்பிவிட்டது. பாயிஸா சட்டையூசிகளைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள். "புள்ள ஓடிட்டா. நான் புடிச்ச புடிக்கு நிக்கல்ல!"

மங்களேஸ்வரி படிக்குப் பாய்ந்தாள். மறித்த லாபிரைப் பையால் அடித்தாள். அப்போதுதான் சுகிர்தா ஏறி வந்தாள். சேலை பாதி உடுத்தபடி. ஓர் ஆணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கை முனையில் அறை எடுத்திருக்கும் தபால் கந்தோர்க் கிளார்க் ராஜலிங்கம். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பாதி முகம் மழித்து, மீதியில் சவர்க்கார நுரையோடு நின்றான்.

"பத்திரமான வீட்டில இருந்தனீ, ஏனடி வெளியில போனனீ?"

"அவர் அங்க தனிய இருந்தவர், அம்மா."

"நான் வரமாட்டேன்னுதாங்க சொன்னேன். செருப்பு மாட்டக்கூட விடல," என்றான் ராஜலிங்கம். சுகிர்தா இன்னும் கையை விடவில்லை.

வெளியே பார்த்துவிட்டு வந்த லாபிர் நெற்றியைத் துடைத்தார். "ஒத்தரும் வரல்ல. சந்தியில பஸ் ஓடுது. இஞ்சினியர் ஐயா, எல்லாம் நீங்க கொட்டின கொட்டு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனுசன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மூண்டு நிமிஷம். பாலியில கூட இவ்வளவு கெதியா வரமாட்டினம்."

மங்களேஸ்வரி படியில் இருந்துவிட்டாள்.

"தங்கச்சி, உந்தப் பெடியன் ஆர்?" அன்னலட்சுமி பக்கத்தில் வந்து கேட்டார்.

வாடகைக்கு இருக்கிற பெடியன், பாவம் பார்த்துக் கூட்டி வந்தவள் என்று சொல்லியிருக்கலாம். லண்டன் இன்னும் கை நழுவவில்லை. மங்களேஸ்வரி மகளைப் பார்த்தாள். வெறிபிடித்த கும்பல் வருகிறது என்று நம்பிக்கொண்டு, அதே ஒழுங்கையில் இறங்கி ஓடிய பெண். இதை இனி எந்த லண்டனுக்கு அனுப்புவது?

"எங்கட மருமகன் போலக் கிடக்கு, அக்கா," என்றாள் எரிச்சலோடு. "எனக்கும் இப்பதான் தெரியும்."

ஆவணியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தாலி ஏறியது. மங்களேஸ்வரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். லண்டன் மாப்பிள்ளை தையில் வட்டுக்கோட்டையில் கலியாணம் முடித்துக்கொண்டு பறந்தார். சுகிர்தாவும் ராஜலிங்கமும் கெலிஓயாவில் வீடெடுத்தார்கள். அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்த மங்களேஸ்வரி, முதல் பிரசவத்துக்கென்று பத்து நாள் துணிமணியோடு போனவள், பிள்ளை நடை பழகின பிறகும் திரும்பி வரவில்லை. அங்கே சாப்பிட மேசை இருந்ததாம். எண்பத்தேழில் அம்பிட்டிய வீட்டை லாபிரின் மச்சான் வாங்கினார். விவேகானந்தனும் கலப்பைகளும் குல்குலும் ஏற்றிய ஒரு லொறியோடு கெலிஓயாவுக்குப் போனார். முதல் நாள் மட்டும்தான் லொறிச் சாமானை இறக்க மனைவி விடவில்லை.